அக்கரையில் நடக்கிறவன்

சனிக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஜெசிந்தாவின் வேன் கிளம்பிவிடும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, பிள்ளைகள் ஆபீசுக்குப் போன பிறகு சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன அப்பா அம்மாக்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு, சேலைக்கு மேலே தொப்பியும் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக அவர்கள் உட்கார்ந்து புளியோதரை டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டதும், ஜெசிந்தா தூத்துக்குடிக் குரலில் அன்றைக்குப் பார்க்கப்போகும் இடங்களைச் சொல்வாள்: முதலில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிற காடு, அடுத்தது வானத்திலிருந்து விழுந்த கல் தோண்டிய குழி, மூன்றாவது பெரிய பள்ளத்தாக்கு, அங்கே அக்கரையில் ஆவுடை சித்தி மகன் நடக்கிறதைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் செம்பாறை, அப்புறம் வீடு. பழகியவர்கள் தலையாட்டுவார்கள். புதிதாக வந்த யாராவது, "அங்க என்ன வேலையா நடக்காரு?" என்று கேட்டால், "வேலையெல்லாம் இல்ல அத்தை, சும்மாதான் நடக்காரு, போய்ப் பாருங்க, நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போடுவாள்.

மகனைப் பார்க்க வருஷா வருஷம் ஊரிலிருந்து வருகிற ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் பிச்சையா உட்கார மாட்டார். முப்பது வருஷம் கோவில்பட்டி டிப்போவில் கண்டக்டராக இருந்தவருக்கு ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து வரத் தெரியாது. பெல்ட் போடச் சொல்லி ஜெசிந்தா சத்தம்போடும் வரைக்கும் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறியாச்சா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

அவர்களுடைய ஒரே மகன் இசக்கிராஜா அந்த அயல்நாட்டுப் பாலைவன நகரத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கார் எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனான். போகிற வழியில் அம்மாவுக்குப் போன் போட்டு, "போயிட்டு வாரேன்மா" என்றான். கார் மட்டும் அங்கே நின்றது, உள்ளே பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் ஒரு சேவுப் பொட்டலமும் இருந்தன. ஆட்கள் தேடினார்கள், நாய்கள் தேடின, ஹெலிகாப்டர் தேடியது. எல்லோரும் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், காசு போட்டால் கண் திறக்கிற தொலைநோக்கியில் ஒரு சுற்றுலாக்காரக் குழந்தை, அக்கரை விளிம்பில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து போகிறார் என்று கை காட்டியது.

அவன்தான். முதுகு தெரிந்தது, அம்மா வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை தெரிந்தது, இடது தோளை லேசாக இறக்கி நடக்கிற நடை தெரிந்தது. அவன் போய்க்கொண்டே இருந்தான், ஆனால் சின்னதாகவில்லை; காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் அதே அளவில், அதே தூரத்தில், அந்தச் சிவந்த விளிம்பின் மேல் போய்க்கொண்டே இருந்தான். மீட்புக்காரர்கள் அக்கரைக்குப் போனார்கள். இக்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டுமே தெரிந்தன: மஞ்சள் உடுப்புக்காரர்கள் வரிசையாக வந்ததும், அவர்களுக்கு நடுவே இசக்கிராஜா நடந்துபோனதும். "இடது பக்கம், இடது பக்கம், கையை நீட்டினால் தொடலாம்" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். கையை நீட்டியவர்கள் காற்றைத்தான் தொட்டார்கள். அவனும் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அதிகாரி ஒருவர் சொன்னதை ஜெசிந்தா மொழிபெயர்த்தாள்: "கண்ணுக்குத் தெரியுற ஆளைக் காணாமப் போனவர்னு சொல்ல முடியாதாம் சித்தி. நடந்துக்கிட்டு இருக்கவரைச் செத்துப் போனவர்னும் சொல்ல முடியாதாம்."

"அப்ப என்னன்னு சொல்லுவாங்களாம்?" என்று கேட்டார் பிச்சையா.

ஜெசிந்தா கேட்டுவிட்டு வந்தாள். "பார்வையாளர்னு வச்சிருக்காங்களாம் சித்தப்பா."

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் கட்டி, நடப்பவர் காட்சிமுனை என்று பலகை வைத்தார்கள். பரிசுப்பொருள் கடையில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற வில்லைகள் வந்தன, சிவப்புப் பாறையின் மேல் ஒரு நீலப் புள்ளி. பிச்சையா ஒன்று வாங்கிக்கொண்டு போய் ஊர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஆவுடை அதைப் பிய்த்து அரிசி டிரம்முக்குள் போட்டாள். கல்யாணமான புதுசில் ஜோடியாகப் போய்ப் பார்த்தால் நல்லதென்று ஆந்திராக்காரர்கள் சொன்னார்கள், இன்டர்வியூவுக்கு முன்னால் அந்த முதுகைப் பார்த்தால் வேலை கிடைக்காதென்று மாணவர்கள் சொன்னார்கள். தமிழ்ச் சங்கத்தார் ஒரு பொங்கல் விடுமுறையில் மைக் செட்டோடு போய், குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து, "ராஜா அண்ணா, வாங்க" என்று ஒரே குரலில் கூப்பிட வைத்தார்கள். பள்ளத்தாக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அவன் திரும்பவில்லை. யார் யாரோ கூப்பிட்டார்கள், அவனோடு படித்தவர்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிச்சையா ஒவ்வொரு வருஷமும் வந்து தொண்டை கட்டுகிறவரைக்கும் கூப்பிட்டார்.

கூப்பிடாதவள் ஆவுடை மட்டும்தான்.

புறப்பட்டுப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. டிப்போவுக்குப் போகிற புருஷன் சாப்பாட்டை மறந்து தெருமுனை தாண்டிவிட்டால் கூடக் கூப்பிடாமல், குறுக்குச் சந்தில் ஓடி முன்னால் போய் எதிரே நின்று கொடுப்பாள். மகனையும் அப்படித்தான் வளர்த்திருந்தாள். நாலு வயசில் அப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டதற்காக வாயில் சுண்டு வாங்கியவன், அதற்குப் பிறகு பந்து பறிபோனால்கூட ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கேட்பான். இங்கே முன்னால் போய் நிற்க வழியில்லை. அக்கரையில் அவனுக்கு முன்னால் போகிற பாதை எதுவும் யாருக்கும் அகப்படவில்லை. ஆகவே அவள் கைப்பிடிச் சுவரில் முந்தானையை விரித்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, வேன் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏனுங்க அம்மிணி, பெத்தவ குரலுக்குன்னு ஒரு இது இருக்குங்களே" என்பார் கோயமுத்தூர் பழனிசாமி. மகள் வீட்டுக்கு வந்து சலித்துப்போய் எல்லாச் சனிக்கிழமையும் வேனில் வருகிறவர். "ஒருக்காக் கூப்பிட்டுத்தான் பாருங்களே."

"ஒரு காரியமாப் போறான் அண்ணாச்சி. பின்னாடி நின்னு கூப்பிட்டா போன காரியம் கெட்டுப்போகும். முடிச்சிட்டுத் தன்னால திரும்புவான்."

"என்ன காரியமுங்க, அத்துவானக் காட்டுல?"

"வந்த பிறகு கேட்டுக்கிடுவோம்."

இந்த வருஷம் பிச்சையாவால் விமானத்தின் படி ஏற முடியவில்லை, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் இந்தப் பயணம் கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வானத்திலிருந்து விழுந்த கல் தோண்டிய குழியைப் பார்த்துவிட்டு வேன் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியபோது, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவர் ஜெசிந்தா சத்தம்போடுவதற்கு முன்பே ஆவுடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏளா, நான் போயிட்டா இவனை யாரு வந்து பாப்பா?"

"நான் வருவேன்."

"நீ யாரு கூட வருவ? சரி, நீயும் போயிட்டா? இந்தப் போட்டாக்காரனுவ பாத்துக்கிட்டே இருப்பானுவ. என் பிள்ளை வேடிக்கைப் பொருளாவே நடந்துக்கிட்டு இருக்கணுமா? முடிச்சு அனுப்பிரலாம் ஆவுடை."

"உசுரோட இருக்கவனுக்கா?"

"உசுரோட இருக்கவன் ஏம்ளா ஒரு வாய்த் தண்ணி குடிக்காம நடக்கான்?"

பின் சீட்டில் யாரோ டப்பா மூடியைத் திறந்து, திறந்த சத்தத்துக்கு வெட்கப்பட்டு மறுபடி மூடினார்கள்.

"ஒரு தடவ கூப்பிடு" என்றார் பிச்சையா. "உனக்காவத்தான் அவன் நிக்காம இருக்கானோ என்னமோ. நீ கூப்பிட்டும் திரும்பலைன்னா அடுத்த சனிக்கிழமை நான் குடம் உடைக்கேன். திரும்பிட்டான்னா இங்கயே இருப்போம், நெஞ்சு வெடிச்சாலும் சரி."

ஆவுடை ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் வேன் நின்றதும் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, முந்தானையைச் சுற்றிச் சொருகிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனாள். அன்று கூட்டம். ஜெசிந்தாவின் வேன் போதாமல் பல பிள்ளைகள் தங்கள் காரிலேயே அப்பா அம்மாவை அழைத்து வந்திருந்தார்கள். கார்களில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டும், பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டும் நின்றார்கள். அக்கரையில் இடது தோளை இறக்கி அவன் போய்க்கொண்டிருந்தான். அவள் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"எய்யா!"

அந்தக் கூப்பாட்டுக்கு, கார் நிறுத்துமிடத்தில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சென்னைப் பிள்ளைகள் திரும்பினார்கள், மதுரைப் பிள்ளைகள் திரும்பினார்கள், இந்த ஊரிலேயே பிறந்து தமிழில் நாலு வார்த்தை தெரியாத பையன்கள் திரும்பினார்கள், ஒரு மெக்சிகோக்கார இளைஞன் வாயில் வைத்த ரொட்டியோடு திரும்பினான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பெற்றவன் மட்டும் நடந்துகொண்டே இருந்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு வேண்டியதை ஜெசிந்தாதான் சேகரித்தாள். மண்குடத்துக்கு எங்கே போவது என்று தேடி, தோட்டச் சாமான் கடையில் ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தாள், அடியில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. "நல்லதாப் போச்சு சித்தப்பா, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக முன் சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். காய்ந்த காலம் என்பதால் நெருப்பு வைக்கக் கூடாது என்று பூங்காக்காரர் சொல்லிவிட்டார். தொட்டி உடைத்தால் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகவேண்டும் என்றும் சொன்னார். பிள்ளை அப்பனுக்குச் செய்யவேண்டியதை அப்பன் பிள்ளைக்குச் செய்வதால் எந்தத் தோளில் வைப்பது என்று ஆண்களுக்குள் ஒரு குழப்பம் வந்தது. பழனிசாமி தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார், திருச்சிக்காரர் ஒருவர் அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். பிச்சையா தொட்டியை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, எது வலிக்காமல் இருந்ததோ அந்தத் தோளில் வைத்துக்கொண்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும், ஆனால் அங்கே தெரு இல்லை. கார்கள் நிற்கிற இடத்தின் கடைசி மஞ்சள் கோட்டைத் தெருமுனை என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. ஆவுடையும் மற்றவர்களும் அந்தக் கோட்டில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது: முன்னால் பிச்சையாவின் முதுகு, அதற்கு அப்பால் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வெறும் ஆகாயம், அதற்கும் அப்பால் மகனின் முதுகு. சிதை இல்லாத வெறும் தரையைப் பிச்சையா சுற்றி வந்தார், தொட்டியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு வழிந்து வழிந்த இடத்திலேயே காய்ந்தது. விளிம்புக்கு முதுகு காட்டி நின்று, தொட்டியைப் பின்னால் போட்டார். உடைந்த சத்தம் பள்ளத்தாக்கில் விழுந்து நெடுநேரம் உடைந்துகொண்டே இருந்தது.

"திரும்பிப் பாக்காம வாங்க, கண்டக்டரய்யா" என்றார் பழனிசாமி. "நேரா வேனுக்கு வந்துருங்க."

பிச்சையா நடந்து வந்தார். வாய் கோணியிருந்தது. கண் ஆவுடை மேல் இருந்தது. பாதி தூரம் வந்திருப்பார். அப்போதுதான் அவருடைய தோளுக்கு மேலே ஆவுடை பார்த்தாள். அக்கரையில் அவன் நின்றுவிட்டான். நின்று, ஏதோ மறந்து வைத்துவிட்டது நினைவு வந்தவனைப்போல், திரும்பினான்.

முகம் தெரிந்தது. தாடி இருந்தது. விளிம்பின் ஓரத்துக்கு வந்து இந்தப் பக்கம் பார்த்தான். தன்னை விட்டுவிட்டுப் போகிற அப்பாவின் முதுகைப் பார்த்தான். கை பாதி உயர்ந்தது. வாய் திறந்தது. திறந்த வாயை, அவள் ஒருநாள் சுண்டிய அந்த வாயை, மூடிக்கொண்டான்.

கூட்டம் முழுக்கச் சத்தம் போட்டது. ஆவுடை மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினாள். இப்போது முகத்துக்கு நேராகக் கூப்பிடலாம், இப்போது ஒரு குற்றமும் இல்லை. "எய்யா, இங்க பாரு, அம்மா, வந்துருய்யா" என்று கூப்பிட்டாள், இரண்டு கையையும் ஆட்டினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகைத்தான்.

பிச்சையா ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றிருந்தார். "திரும்பிட்டானா?" என்று கேட்டார்.

"திரும்பிட்டான். உங்களைத்தான் பாக்கான். திரும்புங்க!"

"திரும்பிராதீங்க!" என்றார் பழனிசாமி. அவர் ஏன் சொன்னாரோ, பிச்சையா நின்றது வேறு காரணத்துக்காக. அவர் மெதுவாக, டிக்கெட் கணக்கைச் சரிபார்க்கிறவரைப்போல் சொன்னார்: "எத்தனை வருஷமா அவன் முதுகைப் பாத்து நின்னேன், திரும்பல. இன்னைக்கு நான் முதுகைக் காட்டினேன், அவன் மூஞ்சியைக் காட்டுதான். நான் திரும்பினா அவன் திரும்பிக்கிருவான் ஆவுடை."

"அப்ப நடங்க. வேனுக்கு வாங்க."

"போயிட்டா யாரைப் பாத்து நிப்பான்?"

 அவர் திரும்பவும் முடியாமல், போகவும் முடியாமல் அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்து, "மெலிஞ்சிருக்கானா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றாள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. பிச்சையா நின்ற இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டு, அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதினார்கள். சங்கத்தார் ஒரு மடக்கு நாற்காலியும் பெரிய குடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். விளிம்புக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கினார். பின்னால் ஒரு தற்காலிகக் கழிப்பறைப் பெட்டியை வைக்கலாமென்று சொன்னபோது, அது பிள்ளைக்கு மறைக்கும் என்று பக்கவாட்டில் வைக்கச் சொன்னார். விசா முடிந்ததைப் பற்றிக் கேட்க வந்த அதிகாரிகள், இவர்கள் தங்கவில்லை, நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். கடையில் புது வில்லைகள் வந்தன, ஒரு குடையும், தூரத்தில் ஒரு நீலப் புள்ளியும். ஜெசிந்தா வேனில் வரிசை சொல்லும்போது, "மூணாவது ஸ்டாப்புல இப்ப ரெண்டு பேரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆவுடையின் வேலை பார்த்துச் சொல்வது. காலையில் பார்த்துச் சொல்வாள், இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே சொல்வாள். "இப்ப என்ன செய்யுதான்?" "நிக்கான்." "வெயில் அடிக்கே, என்ன செய்யுதான்?" "கையைக் கண்ணுக்கு மேல வச்சிருக்கான்." "உன்னையப் பாக்கானா?" "பாக்கான்" என்று பொய் சொல்வாள். அதுவரைக்கும் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஆவணி பிறக்கும்போது அந்தப் பக்கம் புழுதிப்புயல் வரும். ஆகாயத்திலிருந்து தரைவரைக்கும் ஒரு பழுப்புச் சுவர் எழும்பி, நடந்து வருகிறதைப்போல வரும். அன்று ஜெசிந்தாவின் வேன் மூன்றாவது நிறுத்தத்தில் இருந்தது. எல்லோரும் வேனுக்குள் ஓடினார்கள், பிச்சையா அசையமாட்டேன் என்றார். ஆவுடை முந்தானையால் அவர் தலையையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். குடை பறந்துபோனது. மண் வாய்க்குள் போயிற்று, கண்ணுக்குள் போயிற்று, பிறகு நாலு சொட்டு மழை விழுந்தது, பிறகு எல்லாம் நின்று, கழுவித் துடைத்த மாதிரி வெயில் வந்தது.

ஆவுடை முந்தானையை விலக்கி எழுந்து பார்த்தாள். அக்கரை விளிம்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் சிவப்பாக, சுத்தமாக, ஒரு பொட்டு நீலம் இல்லாமல் கிடந்தது. வேனிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். யாரோ தொலைநோக்கியில் காசு போட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, நகர்ந்தார்கள். ஜெசிந்தா கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிச்சையாவின் புருவமெல்லாம் மண். "ஏளா" என்றார், "நிக்கானா?"

ஆவுடை அவரைப் பார்த்தாள். அப்புறம் அக்கரையைப் பார்த்தாள்.

"நிக்கான்."

"சட்டையெல்லாம் புழுதியாயிருக்குமே."

"தட்டிவிட்டுக்கிட்டு இருக்கான்."

பிச்சையாவுக்கு அது போதவில்லை. எதிரே நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழனிசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். 

"நல்லா நிக்கறாப்டிங்க, கண்டக்டரய்யா" என்றார். "உங்களையேதான் பாத்துட்டு இருக்கறாப்டிங்க."

பிச்சையா தலையாட்டினார். நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்து நின்று, கூன் விழுந்திருந்த முதுகை மெல்ல நிமிர்த்திக்கொண்டார், பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.